மாமியின் மேலண்ணம்

என் மாமி சுருட்டைத் தலைகீழாகக் குடிப்பவர். நெருப்பு எரிகிற முனையை வாய்க்குள் வைத்து, உதடுகளை இறுக்கிக்கொண்டு, வாய்க்கடையால் புகை விடுவார். கலியாணம் கட்டி ஸ்கந்தபுரத்துக்கு வந்த கிழமை அதை முதன்முதல் பார்த்தேன். மனுசிக்கு வலிப்பு வந்து நெருப்பை விழுங்கிவிட்டாரென்று நினைத்து, ஓடிப்போய்க் கன்னத்தைப் பிடித்துச் சுருட்டை வெளியே இழுத்தேன். அவர் விட்ட அறையில் என் தோடு கழன்று விழுந்தது. எங்கள் உறவு அப்படித்தான் தொடங்கியது.

மாமி கெட்டவர் இல்லை, முரடு. யாழ்ப்பாணத்தை விட்டுச் சனமெல்லாம் வெளிக்கிட்ட வருசம், புருசனைப் பறிகொடுத்த கையோடு ஒரே மகனை இழுத்துக்கொண்டு வன்னிக்கு வந்தவர். குளத்துத் தண்ணீர் பாயும் காணித்துண்டு ஒன்றில் பற்றை வெட்டி, அதை வயலாக்கினார். மகன் அப்போது பெடியன், பன்றிக் காவலுக்கு வளர்ந்த ஆம்பிளை இல்லாத வீடு என்பதால் வயல் கொட்டிலில் இரவிரவாகத் தானே தனியாக இருந்தார். காற்றிலும் மழையிலும் நெருப்பு வெளியே இருந்தால் சுருட்டு நூர்ந்துவிடும். ஹெலி சுற்றும் இரவுகளில் ஒரு பொட்டு வெளிச்சம் தெரிந்தாலும் ஆபத்து. நெருப்பை வாய்க்குள் வைத்துக்கொண்டால் இரண்டு தொல்லையும் இல்லை.

எங்கள் ஒழுங்கையில் மாமியின் வயதுப் பெண்கள் இன்னும் சிலர் அப்படிக் குடித்தார்கள். நெருப்பு உள்ளே நின்றால் புகை சுத்தமாக வரும், பல்லில் பூச்சி பிடிக்காது, சளி காயும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். வாயின் கூரை வெள்ளையாகத் தடித்துக் கிடப்பது அவர்கள் எல்லோருக்கும் தெரியும். அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தார்கள். வெற்றிலையோடு போட்ட சுண்ணாம்பு சுட்டுவிட்டதாம். தேங்காய்ப்பால் கொப்பளித்தால் போய்விடுமாம்.

எனக்கும் வாய் நீளம். கொதி வந்தால் கையும் நீளம். இரண்டு பெண்களுக்கும் நடுவில் அகப்பட்ட என் மனுசன் பாவம், நல்ல மனிதர், லாண்ட்மாஸ்டர் என்கிற கை உழவு மெஷினோடு உழவுக்குப் போகிறவர். வீட்டில் நாங்கள் தொடங்கினால் வேலை இல்லாத நாளிலும் மெஷினை இயக்கிக்கொண்டு வயலுக்குப் போய்விடுவார். அந்தச் சத்தத்தில் எங்கள் சத்தம் அவருக்குக் கேட்காது.

சமாதான காலம் வந்து, வன்னிக்குள்ளால் யாழ்ப்பாணம் போகிற ஏ-நைன் பாதை திறந்தது. அடுத்த வருசம் மாமிக்குக் கடைவாய்ப் பல் வீங்கி முகம் ஒருபக்கம் பூசணிக்காய் போலானது. லாண்ட்மாஸ்டர் பெட்டியில் வைக்கோல் போட்டு, அவரை ஏற்றிக்கொண்டு கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குப் போனோம். வெளியிலிருந்து வந்து அங்கே நின்ற ஒரு பல் டொக்டர் மாமியின் வாயைத் திறக்கச் சொன்னார். டோர்ச் அடித்துப் பார்த்தவர் பல்லை மறந்துவிட்டார். மேலண்ணத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அம்மா, என்ன குடிக்கிறனீங்கள்?"

"சுருட்டு."

"நெருப்பு எந்தப் பக்கம்?"

மாமி என்னைப் பார்த்தார். நான்தான் சொல்லிக் கொடுத்துவிட்டேன் என்று நினைத்திருக்க வேண்டும். "உள்பக்கம்" என்றார் முறைப்பாக.

டொக்டர் என்னையும் மனுசனையும் கூப்பிட்டுக் காட்டினார். அண்ணம் முழுக்க வெள்ளையாகத் தடித்து, வெடித்த வயல் மண் மாதிரிக் கிடந்தது. நடுநடுவே சின்னச் சின்னச் சிவப்புப் பொட்டுகள். ஒரு பக்கத்தில் தோலே இல்லாமல் சிவந்த ஒரு இடம்.

"இது சுண்ணாம்பு சுட்டது டொக்டர்" என்றார் மாமி வாயை மூடாமலே.

"சுண்ணாம்பு சுட்டா ஒரு கிழமையில மாறும். இது வருசக்கணக்காக் கிடக்கு. இது இன்னும் புற்றுநோய் இல்லை அம்மா. ஆனா அந்தப் பாதையில போய்க்கொண்டிருக்கு. புகையை விட்டா அநேகமாத் திரும்பி வரும். விடாட்டி ஒருநாள் திரும்பாது."

என் மனுசனின் முகம் வெளுத்தது. அவருக்குத் தாய் என்றால் உயிர். மாமி மட்டும் சிரித்தார்.

டொக்டர் இரத்தமும் எடுத்தார். புகைக்கிறவர்களின் இரத்தத்தைக் கொழும்புக்கு அனுப்பிப் பார்க்க வேண்டும் என்றார். ஏன் என்று மாமி சண்டைக்கு நின்றதால் கதிரையை இழுத்துப் போட்டு விளக்கினார். புகை உள்ளே போகிற ஒவ்வொரு தரமும் உடம்புக்குள் ஒரு நஞ்சு பரவுகிறதாம், சதையை அரிக்கிறதாம். அதை அடக்குவதற்கென்றே இரத்தத்தில் சில சத்துகள் காவல் நிற்கின்றனவாம். அன்ரி ஒக்சிடன்ற் என்று ஒரு பேர் சொன்னார். புகைக்கிறவர்களுக்கு அந்தக் காவல் சண்டை பிடித்தே தேய்ந்து போகிறதாம். வாயில் இப்படி வெள்ளைப் படை வந்தவர்களுக்கு இன்னும் குறைவாக இருக்கிறதாம்.

"அப்ப அந்தக் காவலைத் திரும்பப் போடேலாதோ?" என்று கேட்டார் மாமி.

"பழம், கீரை, தேசிக்காய், மஞ்சள் பூசணி எல்லாம் சாப்பிடுங்கோ. கொஞ்சம் ஏறும். ஆனா அது மட்டும் காணாது அம்மா. முதல்ல நெருப்பை வெளியில எடுக்கவேணும்."

அந்தக் கடைசி வசனம் மாமியின் காதுக்குள் ஏறவில்லை. அதை அப்போதே கண்டுபிடித்திருப்பேன், ஆனால் அடுத்த நிமிடம் வேறு கூத்து நடந்தது. சிவந்த இடத்தில் ஒரு துணிக்கை வெட்டிச் சோதிக்க வேண்டும் என்று சொல்லி டொக்டர் விரலை உள்ளே வைத்தார். மாமி கடித்துவிட்டார். சும்மா கடியில்லை. கையுறை கிழிந்து இரத்தம் வந்தது. என் மனுசன் டொக்டரின் காலில் விழாத குறை. நான் வெட்கத்தில் வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றேன்.

இரத்தத்தின் முடிவு பிறகு வந்தது. மாமியின் காவல் சத்து மிகவும் குறைவாம். வீட்டுக்கு வந்ததும் மாமி தன்பாட்டில் ஒரு வைத்தியத்தைத் தொடங்கினார். ஒரு சுருட்டுக் குடித்தால் ஒரு கொய்யாப்பழம். இரண்டு குடித்தால் பழத்தோடு ஒரு பிடி வல்லாரைச் சம்பல். பக்கத்து வளவுக் கொய்யா மரத்தை மொட்டையாக்கினார். பழத்தைக் கடித்துக்கொண்டே அடுத்த சுருட்டைச் சுற்றுவார்.

"காவலுக்கு ஆள் விட்டாச்சு. இனி என்ன பயம்?" என்பார்.

"மாமி, வீட்டுக்கு நெருப்பு வைச்சுப்போட்டு வாளியில தண்ணி அள்ளுறியளோ?"

"என்ர வீடு. நான் வைப்பன்."

"உங்கட வாய் அழுகினா ஆர் பாக்கிறது? நான்தானே கழுவவேணும்."

"நீ கழுவ வேண்டாமடி. உன்ர கை பட்டா நல்ல வாயும் அழுகும்."

இப்படித்தான் கதைப்போம். கொய்யாக்காய் தின்று தின்று மாமிக்கு வயிறு கட்டி, அதற்கும் என்னைத்தான் திட்டினார். எங்கள் ஒழுங்கைப் பெண்கள் எல்லோரும் மாமியைப் பார்த்து அதே வைத்தியத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த வருசம் ஸ்கந்தபுரத்தில் கீரையும் பழமும் அவ்வளவு தின்றது புகைக்கிற பெண்கள்தான் என்றால் யாரும் நம்பமாட்டார்கள்.

துணிக்கை வெட்டுவதற்கு இரண்டாம் முறை கூட்டிப்போனபோது ஆயத்தமாகப் போனோம். மனுசன் தாயின் தலையைப் பிடித்தார். நான் கால்களில் ஏறி இருந்தேன். ஒரு தாதி கைகளைப் பிடித்தார். விறைக்க ஊசி போட்டும் மாமி தொண்டையால் அடித்த சத்தம் வெளியே வரிசையில் நின்றவர்களை ஓட வைத்தது. உதைத்த உதையில் என் அடிவயிறு நாட்கணக்காக நொந்தது. வாய் நிறைய இரத்தத்தோடு எழும்பி என் சட்டையில்தான் துப்பினார். வெள்ளைச் சட்டை. கலியாணத்துக்கு அம்மா தைத்துத் தந்தது.

புற்றுநோய் இல்லை என்று முடிவு வந்தது. ஆனால் சதை மாறத் தொடங்கிவிட்டது, சும்மா விடக்கூடாது, மூன்று மாதத்துக்கு ஒருதரம் கொண்டுவந்து காட்டுங்கள் என்றார் டொக்டர். அன்று வீட்டுக்கு வருகிற வழியில் மனுசன் லாண்ட்மாஸ்டரை நிற்பாட்டி, எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார்.

"இஞ்ச பாரும். அம்மாவை நான் அடக்கேலாது. எனக்கு மனம் வராது. உமக்கு வரும். அவவின்ர வாயை நீர்தான் காப்பாத்தவேணும்."

எனக்கு மனம் வரும் என்று சொன்னது புகழ்ச்சியோ ஏச்சோ என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அந்த வேலையை நான் ஏற்றுக்கொண்டேன். ஏற்றால் விடுகிற ஆள் இல்லை நான்.

அன்று தொடங்கி எங்கள் வீட்டில் தினமும் போர்தான். வெளியே சமாதானம், குசினிக்குள் சண்டை. சுருட்டுக் கட்டை அடுப்புக்குள் போட்டேன். மாமி அடுப்புக்கு முன்னால் குந்தி இருந்து அந்தப் புகை முழுவதையும் இழுத்து முடித்துவிட்டு, தும்புத்தடியால் என் முதுகில் போட்டார். வாயில் எரிந்துகொண்டிருந்ததை ஒருநாள் தட்டிவிட்டேன். அது உள்ளேயே உடைந்து நாக்கு வெந்தது. அந்த வேதனையோடும் என் தலைமயிரைக் கையில் சுற்றிப் பிடித்துக் கிணற்றடி மட்டும் இழுத்துப் போனார். என் வலது முழங்கையில் இருக்கிற சூட்டுத் தழும்பு அவர் கொள்ளிக்கட்டையால் வைத்தது. அவருடைய மேலுதட்டில் இருக்கிற வெட்டு நான் அகப்பைக் காம்பால் கொடுத்தது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. மாமி அதையும் விடவில்லை.

"வயித்தில ஒண்டைப் பெத்து வளர்க்கத் தெரியாது. என்ர வாயைப் பாக்க வந்திட்டா மலடி."

அன்றைக்கு நான் அடிக்கவில்லை. சோற்றுப் பானையைத் தூக்கி முற்றத்தில் உடைத்தேன். மூன்று பேரும் பட்டினி கிடந்தோம். பொழுதுபட்ட பிறகு மாமி எழும்பிப் போய், எனக்கு மட்டும் ரொட்டி சுட்டு, தட்டை என் காலடியில் தள்ளிவிட்டுப் போனார். மன்னிப்பு என்று ஒரு சொல் அவர் வாயில் வராது.

அடிபட்டு அடிபட்டு நான் கொஞ்சம் வென்றேன் என்றுதான் சொல்ல வேண்டும். நாள் முழுக்கப் புகைத்தவர் காலையும் மாலையும் என்ற அளவுக்கு வந்தார். கிழமைக்கு ஒருதரம் முற்றத்து வெயிலில் கதிரை போட்டு, வாயைத் திறக்க வைத்துப் பார்ப்பேன். சிவந்த இடம் சிலவேளை சுருங்கும், சிலவேளை விரியும். ஆனால் போகவில்லை. விடாட்டி ஒருநாள் திரும்பாது என்று டொக்டர் சொன்னது என் தலைக்குள் நின்றது.

பிறகு சண்டை திரும்பத் தொடங்கி, ஏ-நைன் பாதையைப் பூட்டினார்கள். டொக்டரும் போய்விட்டார். மருந்தே வராத ஊரில் அண்ணத்தை யார் பார்ப்பார்கள்? கிபிர் விமானம் வந்தால் பங்கருக்குள் ஓடுவோம். இருட்டுக்குள் மாமி நெருப்பை வாய்க்குள் வைத்துக்கொண்டு இருப்பார். வெளிச்சம் தெரியாது, மணம் மட்டும் வரும். நான் கையை நீட்டிச் சுருட்டைப் பிடுங்குவேன். குண்டு விழுந்து மண் கொட்டும்போதும் நாங்கள் இருவரும் கட்டிப் புரண்டோம். "செத்தாலும் திருந்தமாட்டியள்" என்று மனுசன் கத்துவார்.

ஸ்கந்தபுரத்தை விட்டு வெளிக்கிட்டது வயல் பச்சையாக நின்ற காலம். லாண்ட்மாஸ்டர் பெட்டியில் தகரம், நெல்லு மூட்டை, மாமி. தருமபுரம் வந்தோம். அங்கிருந்து விசுவமடு. ஒவ்வொரு இடத்திலும் பங்கர் வெட்டினோம், ஒவ்வொரு இடத்திலும் விட்டுவிட்டு ஓடினோம். விசுவமடுவில் எங்களுக்கு முன்னால் போன உழவு இயந்திரத்தின் மேல் ஷெல் விழுந்தது. அதில் இருந்த குடும்பத்தின் துண்டுகளை மரக்கொப்பிலிருந்து எடுத்தார்கள். எங்கள் மெஷினுக்கு எண்ணெய் முடிந்து, தேவிபுரத்தில் அதையும் விட்டோம். மனுசன் அதன் கைபிடியைத் தடவிவிட்டு நடந்தார். பொக்கணைக் கடற்கரை மணலுக்கு வந்து சேர்ந்தபோது எங்களிடம் ஒரு தறப்பாளும் இரண்டு பானையும்தான் இருந்தன. என் கூறைச்சேலையைக் கிழித்து மண்மூட்டை தைத்துப் பங்கருக்கு அடுக்கினேன்.

அங்கே சாப்பாடு கஞ்சி. கஞ்சிக்கு வரிசையில் நின்றவர்களின் மேலும் ஷெல் விழுந்தது. கொய்யாவுக்கும் கீரைக்கும் எங்கே போவது? புகையிலையும் இல்லை. நான் அடித்து நிறுத்த முடியாததை யுத்தம் நிறுத்தியது.

ஆனால் மாமியின் உடம்பு அதைக் கேட்கவில்லை. நித்திரை இல்லை. காய்ந்த பூவரசம் இலையைச் சுற்றி நெருப்பை உள்ளே வைத்து இழுத்து, இரத்தமாகச் சத்தி எடுத்தார். பங்கர் மரக்குற்றியில் தலையை மோதுவார். "ஒரு துண்டு காணும் தம்பி, ஒரே ஒரு துண்டு" என்று மகனைப் பார்த்து அழுவார். புருசனின் சாவுக்கே அழாத மனுசி. அடுத்த பங்கரில் இருந்தவர்கள், வாயைப் பொத்திக்கொண்டு சனத்தை இருக்க விடுங்கோ என்று கத்தினார்கள்.

ஒரு விடியற்காலை ஷெல்லடி கொஞ்சம் ஓய்ந்திருந்தது. சந்திப்பக்கம் ஒருவரிடம் புகையிலைத் துண்டு இருக்கிறதாம், உடுப்புக்கு மாற்றுகிறாராம் என்று கஞ்சிக்குப் போய்வந்த யாரோ சொன்னார்கள். மனுசன் தன்னிடம் மிச்சமிருந்த ஒரு நல்ல சேர்ட்டை எடுத்து மடித்தார். நான் அவருடைய சாரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"இஞ்சருங்கோ, போகாதையுங்கோ. நான் இவ்வளவு காலம் பாடுபட்டது இதுக்கோ? இப்பதான் விட்டுக்கிடக்கு. இன்னும் கொஞ்ச நாள் பொறுத்தா மறந்திடுவா."

"அம்மா படுற பாட்டைப் பாத்துக்கொண்டு என்னால இருக்கேலாது."

"செத்தா சாகட்டும் விடுங்கோ."

அவர் என் கன்னத்தில் அறைந்தார். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவர் என்னை அடித்ததே இல்லை. அடித்த கையைத் தானே ஒருதரம் பார்த்தார். பிறகு மண்மூட்டையில் காலை வைத்து ஏறிப் போனார். மாமி அவரைத் தடுக்கவில்லை. "கெதியா வா தம்பி" என்றார்.

வெயில் ஏறமுன்னம் தொடர்ந்து ஷெல் அடித்தார்கள். ஓய்ந்த பிறகு இரண்டு பேர் அவரைப் பாயில் வைத்துத் தூக்கிவந்தார்கள். முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. இடுப்புக்குக் கீழே என்ன இருந்தது என்று நான் எழுதமாட்டேன். வலது கை பொத்தியபடி இருந்தது. விரல்களைப் பிரித்தபோது உள்ளே சுண்டுவிரல் நீளத்தில் ஒரு புகையிலைத் துண்டு, இரத்தத்தில் ஊறி.

அதைக் கையில் எடுத்துக்கொண்டு பங்கருக்குள் இறங்கினேன். எனக்குக் கண் தெரியவில்லை, காது கேட்கவில்லை. மாமியின் நெஞ்சில் முழங்காலை ஊன்றினேன். அதுவரைக்கும் எவ்வளவு அடித்தாலும் மாமி, வாங்கோ, போங்கோ என்றுதான் கதைத்திருக்கிறேன்.

"இந்தா. உன்ர சாமான் வந்திட்டுது. தின்."

வாயைப் பிளந்து அந்தத் துண்டைத் தொண்டைவரைக்கும் திணித்தேன். டொக்டரின் விரலைக் கடித்த மனுசி. ஒருதரம் பல்லை மூடியிருந்தால் என் விரல்கள் போயிருக்கும். அவர் கடிக்கவில்லை. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டு வாயை விரித்தே வைத்திருந்தார். மூச்சுத் திணறி முகம் கறுக்கத் தொடங்கியதும் நானே விரலைப் போட்டு வெளியே இழுத்து எறிந்தேன்.

பங்கர் வாசலுக்குப் பக்கத்திலேயே புதைத்தோம். மண்வெட்டி இல்லை. மாமி கையால் மணலை வறுகித் தோண்டினார். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. மறுபடியும் அடி தொடங்கிவிட்டதால் ஒழுங்காக ஒரு பிடி மண் போடக்கூட நேரம் கிடைக்கவில்லை.

ஆமி வந்து சனம் கடலேரித் தண்ணிக்குள்ளால் கடந்தபோது நான் மாமியைக் கூப்பிடவில்லை. பிணங்கள் மிதந்த அந்தத் தண்ணியில் இடுப்பளவு ஆழத்தில் நடக்கும்போது என் சட்டை நுனியை யாரோ பிடித்தார்கள். திரும்பிப் பார்க்காமலே தட்டிவிட்டேன். மீண்டும் பிடித்தார். எத்தனைதரம் தட்டினேனோ தெரியாது. அக்கரை ஏறும்போதும் அந்தக் கை என் சட்டையில் இருந்தது.

செட்டிகுளம் முகாமில் எங்களை ஒரு குடும்பம் என்று பதிந்து ஒரே கூடாரத்தில் போட்டார்கள். நாங்கள் ஒரு வார்த்தை பேசுவதில்லை. நான் ஒன்றை மட்டும் விடவில்லை. கிழமைக்கு ஒருதரம் அவரைக் கூடார வாசல் வெயிலுக்கு இழுத்து வருவேன்.

"வாயைத் திற."

திறப்பார். முன்பெல்லாம் அந்த வாயைக் காப்பாற்றப் பார்த்தேன். இப்போது அது அழுகிவிட்டதா என்று பார்த்தேன். இதை எழுத எனக்கு வெட்கம் இல்லை. என் மனுசனைத் தின்ற வாய் அது. புழுத்து, நாறி, கஞ்சிகூட இறங்காமல் கிடந்து சாக வேண்டும் என்று நான் மனதார விரும்பினேன். முகாமில் பீடியும் சுருட்டும் கள்ளமாக ஓடியது. அடுத்த கூடாரத்துக் கிழவர் ஒரு துண்டை நீட்டினார். மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது. குடித்தாலாவது கெதியாக முடியுமே என்று நினைத்தேன்.

வெள்ளை மெல்லியதாகிக்கொண்டு வந்ததை நான் கண்டேன். நம்பவில்லை. நோய் மேலே தெரியாமல் உள்ளே இறங்கியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யாராவது டொக்டர் சொன்னால்தான் மனம் ஆறும் போலிருந்தது. ஆகவே ஒருநாள் மருத்துவக் கூடாரத்து வரிசையில் மாமியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். நல்ல செய்தி கேட்கப் போகவில்லை.

டொக்டர் சின்ன வயது, தமிழ்ப் பிள்ளை. கிளிநொச்சி டொக்டர் சொன்னதையெல்லாம் நான் அவருக்குச் சொன்னேன். நெருப்பை உள்ளே வைத்துக் குடித்தது, துணிக்கை வெட்டியது, சதை மாறத் தொடங்கியது, இரத்தத்தில் காவல் சத்துக் குறைந்தது எல்லாம். அவர் டோர்ச்சை அடித்து நெடுநேரம் பார்த்தார். விரலால் தடவிப் பார்த்தார். மாமி அசையாமல் இருந்தார்.

"நல்லா மாறியிருக்கு" என்றார் டொக்டர். "படை கிட்டத்தட்ட இல்லை. சிவப்பும் இல்லை. இரத்தத்தில அந்தச் சத்து எப்பிடியும் குறைவாத்தான் இருக்கும், இஞ்ச ஆருக்குத்தான் சத்து இருக்கு? அது சாப்பிட ஏறும். ஆனா வாய் தப்பிட்டுது அம்மா. புகையை அடியோட விட்டிருக்கிறீங்கள், அதுதான்."

என் தலைக்குள் இரத்தம் ஏறியது. அந்த மேசையைத் தூக்கிக் கவிழ்க்க வேண்டும் போலிருந்தது.

டொக்டருக்கு உற்சாகம் வந்துவிட்டது. பாவம், நாள் முழுக்கக் காயங்களையும் வயிற்றோட்டத்தையும் பார்த்துக் களைத்தவருக்கு ஒரு சுகமான வாய் கிடைத்துவிட்டது. பின்னால் நின்ற ஆண்கள் பக்கம் கையைக் காட்டினார்.

"இவையளுக்கு நான் சொல்லிச் சொல்லி அலுத்துப் போனன். ஒருத்தரும் கேக்கினம் இல்லை. அம்மா, நீங்கள் எப்பிடி விட்டனீங்கள் எண்டு இவையளுக்குக் கொஞ்சம் சொல்லுங்கோ."

மாமி வாயை மூடினார். சேலைத்தலைப்பால் துடைத்தார். வரிசையில் நின்றவர்களைப் பார்க்காமல் டொக்டரின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"புகையிலை வாங்கிவர மகனை விட்டனான். அவன் உயிரோட திரும்பி வரேல்லை. விட்டிட்டன்."

டொக்டர் அணைக்க மறந்த டோர்ச் மேசையில் எரிந்துகொண்டு கிடந்தது. அவர் என் பக்கம் திரும்பினார்.

"உங்கட சகோதரமோ?" என்று கேட்டார்.

"என்ர மனுசன்" என்றேன்.

வெளியே வந்தோம். நடுப்பகல் வெயில், செம்மண் புழுதி. தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் மாமி நின்றார். நான் சொல்லாமலே என் பக்கம் திரும்பி, வெயிலுக்கு முகத்தை நிமிர்த்தி, வாயை ஆகலும் பெரிதாகத் திறந்து காட்டினார். அண்ணம் இளஞ்சிவப்பாக, சின்னப் பிள்ளைகளுடையதைப் போல இருந்தது. நான் பார்த்து முடியும்வரைக்கும் அப்படியே நின்றார்.

பிறகு, மகன் போனதற்குப் பிறகு முதல்தரமாக என்னோடு கதைத்தார்.

"நீ எதுக்கு இதை ஒவ்வொரு கிழமையும் பாக்கிறனீ எண்டு எனக்குத் தெரியும் பிள்ளை. இந்த வாயை அழுகப்பண்ணி என்னை எடு எண்டு நானும் அம்மாளாச்சிக்கு நேந்து வைச்சனான். அவளும் கேக்கேல்லை."

அவருடைய கை என் சட்டை நுனியைத் தேடியது. இந்தமுறை நான் தட்டிவிடவில்லை.